பொற்கொடி வீட்டு மார்கழி

வேலூரில் கத்திரி வெயில் தொடங்கிய அன்று பொற்கொடியின் வீட்டில் மார்கழி வந்தது. வாசற்படி வரைக்கும் வெயில். படியைத் தாண்டினால் பனி.

கிணற்றடித் தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வீடுகளுக்கு எறும்பு வரும். சில வீடுகளுக்குக் குரங்கு வரும். பொற்கொடி வீட்டுக்கு மார்கழி வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

பொற்கொடி ஜாக்கெட் தைப்பவள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். முன்னறையில் தையல் மெஷின். கல்யாண சீசன் என்றால் அவள் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. இந்த வருஷம் அவளால் தைக்க முடியவில்லை. மெஷினுக்கு விட்ட எண்ணெய் உறைந்துவிட்டது. காலால் மிதித்தால் ஊசி கீழே இறங்குவதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். ஊசி மேலே ஏறும்போது விழித்துக்கொள்வாள்.

ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். முகம் உப்பிப்போயிருந்தது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. குரல் தடித்துவிட்டது. பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. சொல் அந்த ஆவியிலேயே தங்கிவிட்டது. காலையில் சொன்னது சாயங்காலம்தான் கேட்பவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் புருஷன் தணிகாசலம் பூ வியாபாரி. நல்ல மனுஷர். வெயிலில் மல்லிகை வாடுகிறதே என்று ஒரு நாள் ஒரு கூடையைக் கொண்டுவந்து படுக்கையறையில் வைத்தார். மறுநாள் பார்த்தால் மொட்டு மொட்டாகவே இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் சின்ன மொட்டாகியிருந்தது.

"பொற்கொடி, மிச்சக் கூடையெல்லாம் இங்கயே வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க," என்றாள் பொற்கொடி.

அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பதில் இல்லை என்றால் சம்மதம்தானே என்று கூடைகளை இறக்கினார். சாயங்காலம் அந்த "வேணாங்க" வந்து சேர்ந்தது. அதற்குள் கட்டிலைச் சுற்றி நாலாபக்கமும் பூக்கூடை.

"இன்னா சொன்ன?" என்றார்.

அவள் தூங்கிப்போயிருந்தாள்.

பக்கத்து வீட்டு விசாலம் இட்லி மாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாவு புளிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர்கள் தயிரைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஆட்களே வந்தார்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தெரு மொத்தமும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பொற்கொடியின் கூடத்தில் படுத்தது. குறட்டைகள் வெள்ளை வெள்ளையாக எழும்பி உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டன.

விசாலத்தின் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. "கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததுல இருந்து வெயில் காலத்துல நான் தூங்குனதே கெடையாது, பொற்கொடி. இப்பதான் தூங்கறேன். நீ நல்லா இருக்கணும்," என்றாள்.

"நான் நல்லா இல்லக்கா," என்றாள் பொற்கொடி.

அது போய்ச் சேர்வதற்குள் விசாலம் தூங்கிவிட்டாள்.

ஒரு நாள் பொற்கொடி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது கூடத்தில் மறுநாள் பேப்பர் கிடந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று யோசித்தாள். யோசனையும் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. இப்படியே விட்டால் ஒரு நாள் நான் மொத்தமாக நின்றுவிடுவேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினாள்.

வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. குளிர் அவளோடு வந்தது, ஒரு குடை விரித்த அளவுக்கு. தெரு நாய்கள் எழுந்து அதற்குள் புகுந்து அவளுக்கு இணையாக நடந்தன. விசாலமும் புகுந்துகொண்டாள். "தொணைக்கு வர்றேன்," என்றாள்.

டாக்டர் நஸ்ரின் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு துடிப்பு கிடைத்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தார். வெளியே இருந்த மூன்று நோயாளிகளைப் பார்த்து அனுப்பிவிட்டு வந்தார். அடுத்த துடிப்பு கிடைத்தது.

"வீட்ல இப்ப எந்த மாசம்?"

"மார்கழிங்க."

"ஆரம்பமா, கடைசியா?"

"ஆரம்பங்க."

ஒவ்வொரு பதிலும் வந்து சேரும்வரை காத்திருந்துவிட்டு டாக்டர் தலையை ஆட்டினார். "ரத்தம் குடுத்துட்டு வாங்க. மாடியில."

மாடியில் ஒரு நடைவழி இருந்தது. பொற்கொடி நடக்க நடக்க அது நீண்டது. விசாலம் சோர்ந்துபோய் நடுவழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பொற்கொடி உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். நடைவழிக்கே ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது போல. ஒரு கதவைக் காட்டிவிட்டு நின்றது.

உள்ளே ஏகாம்பரம் என்பவர் இருந்தார். ரத்தம் எடுப்பவர். ஊசியைக் குத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வரலியே," என்றாள் பொற்கொடி.

"வரும்," என்றார் ஏகாம்பரம்.

பேப்பரைப் படித்தார். டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார். டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது குழாயில் ரத்தம் சேர்ந்திருந்தது. அதை அவள் காதருகே பிடித்தார்.

"கேளும்மா."

குழாய்க்குள் யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"யாருங்க அது?"

"உன் மூளைதான்."

கீழே இறங்கி வந்ததும் டாக்டர் அதை விளக்கினார். "கழுத்துல தைராய்டுன்னு ஒண்ணு இருக்கு. வேலை செய்யச் சொல்லி மூளை அதைக் கூப்பிடுது. அது திரும்பிப் பார்க்கல. அதனால மூளை சத்தத்தை ஏத்திக்கிட்டே போகுது. ரிப்போர்ட்ல டி.எஸ்.எச்.னு இருக்கே, அது அந்தச் சத்தம். மாத்திரை போட்டா வேலை நடக்கும். சத்தம் தானா அடங்கும்."

ஐம்பது மைக்ரோகிராம் எழுதினார். கடுகை விடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. "காலைல எழுந்ததும் வெறும் வயித்துல, தண்ணியில போடணும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ, பால் எதுவும் கூடாது. ஆறு வாரம் கழிச்சு மறுபடியும் ரத்தம் பார்க்கலாம்."

'காபி' என்ற இடத்துக்கு வரும்போது பொற்கொடி உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். பக்கத்தில் இருந்த விசாலம் முழுதும் கேட்டாள்.

மறுநாள் காலை பொற்கொடி மாத்திரையை வாயில் போட்டதும் கதவு தட்டப்பட்டது. விசாலம் நின்றாள். கையில் ஆவி பறக்கும் காபி.

"குளிருக்கு எதமா இருக்கும். குடி."

பொற்கொடி கண் கலங்கிவிட்டாள். தனக்காக ஒருத்தி விடியுமுன் எழுந்து காபி போடுகிறாளே என்று. குடித்தாள். தினமும் குடித்தாள்.

ஆறு வாரம் கழித்துத் தெருவில் ஆடிக் காற்று அடித்தது. அவள் வீட்டில் மார்கழி ஆரம்பம் மார்கழி பாதியாகியிருந்தது, அவ்வளவுதான். ஏகாம்பரம் குழாயைக் காதில் வைத்துக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். சத்தம் பெரிதாக ஒன்றும் குறையவில்லை.

"மாத்திரை தவறாம போடறீங்களா?" என்றார் டாக்டர்.

"தவறாம போடறேங்க."

அது உண்மை. டாக்டர் நூறாக்கினார்.

தணிகாசலத்துக்கு ஒரு பெரிய கல்யாண ஆர்டர் வந்திருந்தது. கட்டிய மாலைகளை வைக்க இடமில்லாமல் கட்டில் மேலேயே அடுக்கியிருந்தார். விடிகாலையில் எடுத்துப்போக வந்தார். விளக்கைப் போட்டார்.

பொற்கொடி மல்லாந்து படுத்திருந்தாள். மார்பிலும் காலிலும் மாலைகள் சரிந்திருந்தன. தலைமாட்டில் ரோஜா. கால்மாட்டில் சம்பங்கி. முகம் வெளுத்திருந்தது.

அவர் அவள் மூக்கருகே விரலை வைத்தார். மூச்சு இல்லை. விரலை எடுக்காமல் நின்றார். வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். பிறகு போய்விட்டான். அதற்கு அப்புறம்தான் மூச்சு வந்தது. மெல்லிசாக, மாவு சலிப்பது மாதிரி.

தணிகாசலம் மாலைகளை ஒவ்வொன்றாக அவள் மேலிருந்து எடுத்தார். கூடைகளைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைசிக் கூடையை வைக்கும்போது அவருக்கு அழுகை வந்தது. வெயிலில் அத்தனை மொட்டும் ஒரே சமயத்தில் விரிந்தன. தெரு முழுக்க வாசனை.

விசாலம் காபியோடு வந்தாள். அவர் அழுவதைப் பார்த்தாள்.

"இன்னாச்சு?"

"செத்துட்டாளோன்னு நெனச்சேன்," என்றார். "நானே மாலை போட்டு வெச்சிருந்தேன்."

விசாலம் டம்ளரைப் பார்த்தாள். காபியைச் சாக்கடையில் ஊற்றினாள்.

"ஏன் கொட்டறீங்க?"

"இனிமே ஒரு மணி நேரம் கழிச்சுக் கொண்டாறேன். மாத்திரையோட காபி குடிச்சா மாத்திரை வேலை செய்யாதாம்."

"யார் சொன்னது?"

"டாக்டரம்மா."

"எப்ப?"

"மொத நாளே."

தணிகாசலம் அவளையே பார்த்தார். விசாலம் தலை நிமிரவில்லை. "நான் தூங்கணும்னு இருந்துட்டேன்," என்றாள். பிறகு வெறும் டம்ளரோடு வீட்டுக்குப் போனாள்.

அன்றிலிருந்து மாத்திரை தனியாகத் தண்ணீரோடு உள்ளே போனது. காபி நேரம் கழித்து வந்தது. விசாலமே கொண்டுவந்தாள். சங்கடத்தோடு வாசலில் நின்றாள். எல்லாம் தெரிந்துகொண்ட பொற்கொடி ஒரு நாள் முழுதும் அவளோடு பேசவில்லை. மறுநாள் காபியை வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் மார்கழி முடிந்தது. தை வந்தது. மாசி வந்தது. மெஷின் எண்ணெய் இளகியது. பொற்கொடி ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள். பிறகு இன்னொன்றையும் கழற்றினாள். பங்குனி வந்தபோது கண்ணாடியில் தன் பழைய முகத்தைப் பார்த்து, "வா," என்றாள். அந்தச் சொல் சொன்னவுடனே கேட்டது.

நியாயமாக வீட்டு மாதம் அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

வெளியே ஐப்பசி அடைமழை. பொற்கொடி வீட்டுக்குள் கத்திரி வெயில். சுவர் சுட்டது. அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்த அடிக்கு அலமாரியில் டம்ளர்கள் ஆடின. கை நடுங்கியது. தூக்கமே இல்லை. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. தையல் மெஷின் அவள் நெஞ்சு அடிக்கும் வேகத்தில் தானாக ஓடியது. அளவு கொடுக்காதவர்களுக்கும் ஜாக்கெட் தைத்து முடித்தாள். இன்னும் பெண் பார்க்க வராத கல்யாணத்துக்குத் தைத்தாள். அந்த வீட்டார் வந்து வாங்கிக்கொண்டு போய், அதன் பிறகு மாப்பிள்ளை தேடினார்கள்.

இப்போது சொற்கள் அவளுக்கு முன்னால் ஓடின.

"பூ மண்டியிலதான் வெச்சேன்," என்பார் தணிகாசலம்.

அதற்குப் பிறகுதான் அவள் கேட்பாள், "என் கத்தரிக்கோலை எங்கங்க வெச்சீங்க?"

தெரு சும்மா இருக்கவில்லை. மழையில் துணி எங்கேயும் காயவில்லை. முதலில் ஒரு பாவாடை வந்தது. பிறகு போர்வைகள் வந்தன. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டினார்கள். தெரு மொத்தமும் அவள் தலைக்கு மேலே காய்ந்தது. ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பும்போதெல்லாம் யாராவது ஈரத் துணியோடு எதிரே வந்தார்கள். இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கோம்மா என்றார்கள். ஆறு வாரம் தாண்டிவிட்டது.

கடைசியில் தெரு நலச்சங்கம் அவள் கூடத்திலேயே கூட்டம் போட்டது. பேச்சுக்குரிய விஷயம், பொற்கொடியின் மாத்திரை அளவு. தலைவர் துரைக்கண்ணு எழுந்தார். ரிட்டயர்டு மின்வாரியம்.

"மழை முடியுற வரைக்கும் நூறே இருக்கட்டும். வெயில் காலம் வந்ததும் பழையபடி ஐம்பதுக்கு எறக்கிக்கலாம். தெருவுக்கு அதுதான் சௌகரியம். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

எல்லோரும் கை தூக்கினார்கள். விசாலமும் பழக்கத்தில் தூக்கினாள்.

கூட்டம் திடீரென்று அமைதியானது. எல்லோரும் பொற்கொடியைத் திரும்பிப் பார்த்தார்கள். துரைக்கண்ணு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பொற்கொடி எழுந்து, அவர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டதைச் சொன்னாள்.

"கழுத்து என்னோடது."

விசாலம் தூக்கிய கையை அப்படியே கொடிக்குக் கொண்டுபோனாள். தன் சேலையை இழுத்து மடித்தாள். காயாத சேலை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் துணியை எடுத்துக்கொண்டார்கள். துரைக்கண்ணுவின் வேட்டிதான் கடைசி.

மறுநாள் காலையில் நடைவழி அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. முதல் அடி வைப்பதற்குள் முடிந்துவிட்டது. ஏகாம்பரம் ஊசியின் உறையைக் கழற்றுவதற்குள் குழாய் நிரம்பிவிட்டது. அவர் அதைக் காதில் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை.

"மூளை போயிடுச்சுங்களா?" என்று பயந்தாள் பொற்கொடி.

"இருக்கு. கூப்பிட வேண்டிய வேலையே இல்லாம சும்மா உக்காந்திருக்கு. மாத்திரை அதிகம்."

டாக்டர் நஸ்ரின் ரிப்போர்ட்டைப் பார்த்தார். நாடியைப் பார்த்தார். இந்த முறை எண்ண ஆள் போதவில்லை. நர்ஸையும் கூட எண்ணச் சொன்னார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "நடுவுல என்ன மாத்துனீங்க?" என்றார்.

பொற்கொடி காபியைப் பற்றிச் சொன்னாள். விசாலத்தின் பெயரைச் சொல்லவில்லை.

"இதை அப்பவே எனக்குச் சொல்லியிருக்கணும். ஐம்பது சரியா உள்ளே போகலைன்னு தெரியாம நான் நூறு குடுத்துட்டேன்." டாக்டர் எழுபத்தஞ்சு எழுதினார். "ஆறு வாரம். இந்தத் தடவை தள்ளிப் போடாதீங்க. நெஞ்சு வலி, மூச்சு முட்டல் வந்தா நாள் பார்க்காம உடனே வரணும்."

"இப்படி ஏத்தி எறக்கிக்கிட்டே இருக்கணுங்களா? என் உடம்புக்கு ஒரு அளவே கெடையாதா?"

"இருக்கு. அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். ஜாக்கெட்டை ஒரே தடவைல சரியாத் தெச்சிடுவீங்களா?"

"இல்லீங்க. போட்டுப் பார்த்துப் பிரிச்சுப் பிடிப்போம்."

"அவ்வளவுதான்."

பொற்கொடிக்கு அது புரிந்தது. பிரித்துத் தைத்தால்தான் தோளில் சரியாக உட்காரும். அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போய், அந்த வெயிலிலும் கொஞ்சம் தூங்கினாள்.

வீட்டு வெயில் தணிந்தது. டம்ளர்கள் ஆடுவதை நிறுத்தின. மெஷின் அவள் மிதித்தால் மட்டும் ஓடியது. பேச்சு கேட்ட கேள்விக்குப் பின்னால் வந்தது. எல்லாம் சரியாகிக்கொண்டிருந்தபோது, ஒரு காலை அவள் குளிரில் விழித்தாள்.

கையில் மயிர்க்கூச்செடுத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி. காலண்டரைப் பார்த்தாள். மார்கழி முதல் தேதி.

இது யார் மார்கழி? தெருவுடையதா, தன்னுடையதா? வாசலுக்கு ஓடினாள். படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று பார்த்தாள். இரண்டு காலும் ஒரே மாதிரி சில்லிட்டன. அதை நம்பலாமா என்று தெரியவில்லை. குளிர் தன்னை விட்டு வெளியே வழிந்து தெருவையும் பிடித்துக்கொண்டதோ என்னவோ.

ஆறு வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கு மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள், ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ள. தணிகாசலம் வண்டியை எடுத்தார்.

நடைவழி ஒரு நடைவழியின் நீளத்துக்கு இருந்தது. ஏகாம்பரம் குத்தினார். ரத்தம் வந்தது. ஊசியை எடுத்தார். நின்றது. அவர் குழாயைக் காதில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு அதை அவளிடம் கொடுத்தார்.

உள்ளே இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எதையோ கேட்டார். மற்றவர் பதில் சொன்னார். என்ன விஷயம் என்று தெரியவில்லை. சண்டை இல்லை, அவ்வளவு தெரிந்தது.

டாக்டர் நஸ்ரின் கேட்டார், "வீட்ல எந்த மாசம்?"

"மார்கழிங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "வெளியில?"

"வெளியிலயும் மார்கழிதாங்க."

டாக்டர் சிரித்தார். இத்தனை மாதத்தில் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. "எழுபத்தஞ்சே இருக்கட்டும். ஆறு மாசம் கழிச்சு வாங்க. நல்லா இருக்குன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க. நல்லா இருக்கறதே அதனாலதான்."

மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவள் புருஷனோடு கோட்டை அகழியைச் சுற்றி நடந்தாள். ஒரு மணி நேரம் போக வேண்டுமே. தண்ணீர் மேல் பனி படுத்திருந்தது. தணிகாசலம் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டிருந்தார்.

"குளிருதாங்க?"

"பல்லு கிடுகிடுங்குது. உனக்கு?"

"எனக்கும்."

அவர் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். பயப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் சிரித்தாள். எதிரே போன பால்காரருக்கும் குளிர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் குளிர்ந்தது. இத்தனை பேருக்கும் சேர்த்து வந்த குளிர். அவள் பங்குக்கு எவ்வளவோ அவ்வளவுதான் அவளுக்கு.

நேரம் ஆனதும் டீக்கடைக்குப் போனார்கள். பெஞ்சின் ஓரத்தில் யாரோ ஒருவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை கொட்டியது. துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஒரு குடை அளவுக்கு வெயில் அடித்தது. அதில் ஒரு பூனை படுத்து முதுகைக் காயவைத்துக்கொண்டிருந்தது. டீ மாஸ்டர் தன் கைகளையும் அந்த வெயிலில் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றாள் பொற்கொடி. "உங்களுக்கு எந்த மாசம் நடக்குது?"

"சித்திரைம்மா," என்றார் அவர். "ரொம்ப நாளா சித்திரைதான். எல்லாருக்கும் சௌகரியமா இருக்கு."

"உங்களுக்கு?"

அவர் விசிறுவதை நிறுத்தினார். அதை இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருந்தது.

"தூங்க முடியலம்மா," என்றார்.

பொற்கொடி தன் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளினிக்குக்கு வழி சொன்னாள். மாடியில் நடைவழி நீண்டாலும் சுருங்கினாலும் பயப்பட வேண்டாம், கதவு வரும் என்றாள்.